நான் இழுத்த கை

2026 ஜனவரி 21, புதன்
மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். கூரைக்கு மேலால் ஹெலி போனது. "விழுந்து படுங்கோ" என்று கத்தியது நான்தானாம். விளையாட்டென்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு படுத்தார்கள். டக்சாயினி மட்டும் யன்னலடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நெற்றி மேசை விளிம்பில் அடிபட்டது. இரத்தத்தைக் கண்ட பிறகுதான் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது என்பது நினைவுக்கு வந்தது.

ஜனவரி 22
மூன்று தையல். என்ன நடந்தது என்று பாடசாலை அதிபர் விமலேஸ்வரி கேட்டார். வழுக்கி விழுந்தாள் என்றேன். இருபத்தாறு பிள்ளைகள் பார்த்திருக்க, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கெட்டித்தனம் எனக்கு. ஆனால் டக்சாயினியும் அப்படியே சொன்னாளாம். ஏன்?

ஜனவரி 23
இன்றும் அவள் வரவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்
வந்தாள். முன் வாங்கில் இருக்கிறவள், கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டாள். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினேன் — இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

பத்து வயதில், செட்டிகுளம் அகதி முகாமில், நானும் இப்படித்தான். யாராவது கதிரையைச் சத்தமாக இழுத்தால் தரையில் படுத்துவிடுவேன். நடிக்கிறாய் என்று வாத்தியார் அடித்தார். அவரைப்போல் ஆகமாட்டேன் என்றுதானே இந்த வேலைக்கு வந்தேன்? அவர் என்னிடம் ஏற்கெனவே இருந்த பயத்துக்குத்தான் அடித்தார். நான் பயமே தெரியாத பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டேன். ஐயோ, என்ன செய்துபோட்டன்.

ஜனவரி 31, சனி
அவர்கள் வீட்டுக்குப் போனேன். தகப்பன் அல்பேர்ட் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பிள்ளை விழவில்லை, நான்தான் இழுத்தேன் என்றேன்.

"தெரியும் ரீச்சர். அப்பிடிச் சொல்லச் சொன்னது நான்தான். அண்டைக்கு ஹெலி போகேக்க நானும் கடற்கரையில மீன்வாடிக்குள்ளை படுத்திட்டன்."

மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு அது இன்னும் பாரமாக இருந்தது.

வாசலில் நின்ற டக்சாயினி கேட்டாள்: "திரும்பச் சொல்லியிருந்தா படுத்திருப்பன்தானே. ஏன் இழுத்தனீங்கள்?"

சொன்னேன். எனக்கொரு தங்கச்சி இருந்தாள், எட்டு வயது. பங்கருக்கு வெளியே எழும்பி நின்று பிளேனைப் பார்த்தாள். படு, படு என்று கத்தினேன். இழுக்கவில்லை.

பெப்ரவரி 2, திங்கள்
நடந்ததை அதிபரிடம் எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை வகுப்பெடுக்க வேண்டாம் என்றார். கைப்பையை எடுக்க வகுப்புக்குப் போனபோது டக்சாயினி கடைசி வாங்கிலிருந்து எழும்பி வந்தாள். என் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றாள்.

"தங்கச்சிக்கு என்ன பேர்?"

ஜெயரூபி என்றேன். 2009க்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லாத பெயர்.