நாமும் கதவடைத்தோம், அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் கண்ணசந்தாள். பகலில் எழுதியிருக்கலாம். பகலெல்லாம் உங்கள் மகனோடு சண்டை.

நீங்கள் போன பிறகு நான் இறால் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் சரக்கு முழுக்க அமெரிக்காவுக்குத்தான். அங்கே வரியை ஏற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், அதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டுமென்று ஞாயிறு பூசைக்குக்கூடப் போகாமல் பெட்டி போட்டோம். கூடுதல் சம்பளத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். நானும் பிள்ளைக்குத் தொட்டில் வாங்கினேன். வரி வந்தது. அங்கே கிட்டங்கி நிறைய எங்கள் இறாலே கிடக்க, புதிதாக யார் கேட்பார்கள்? வரப்போகும் மாதங்களின் வேலையையும் சேர்த்து நாங்களே உறையவைத்துக் கப்பலேற்றிவிட்டோம்.

வரி போட்டவர்கள் மேல் வந்த கோபம் சரி. நம் ஊர் என்ன செய்தது தெரியுமா?

வேலை குறைந்ததும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். "இருக்குற வேல நம்ம ஊர்ப் பொம்பளையளுக்கு மட்டும்" என்று தீர்மானம். முன்னால் நின்றது தம்பி. அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் பெயரை ஆசையாய் வைத்தீர்களே, அவனேதான். ஒடிசாவிலிருந்து வந்து இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் மூட்டை கட்டினார்கள். வேனில் ஏறும்போது ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, எறால் எந்த ஊர்னு கேக்கல. எங்கள மட்டும் கேக்குறீங்க?"

பிறகு ஜப்பானிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. உரிக்கக் கை போதவில்லை. நம் பெண்கள் என்ன பாடுபட்டும் பாதி இறால் தலையோடு கிடந்து கருத்துப்போயிற்று. நான்தான் பார்த்து, ஆகாது என்று தள்ளினேன். ஆர்டர் போயிற்று. இப்போது கம்பெனியே பூட்டிக் கிடக்கிறது. எடுக்க ஆளில்லாமல் கரையில் இறால் விலை விழுந்து, தம்பியின் போட்டும் கடலுக்குப் போகவில்லை. டீசலுக்கே கட்டாதாம். பலசரக்குக் கடை அண்ணாச்சி என்னைக் கண்டாலே புலம்புகிறார்: "அந்த ஒடிசாப் பிள்ளையள் போன பொறவு உருளக்கெழங்கு மொளச்சுக் கெடக்கு தாயி. ஒங்க ஆளுவ மீனுதான திங்காவ!"

இதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? நாளைப் பூசை முடிந்து மறுபடி கூட்டம். பெரியதாழை ஊர்ப் போட்டுகள் இனி நம் கரையில் மீன் இறக்கக் கூடாதாம்!

"யக்கா, அவன் நாட்டையே அடைக்கான். நாம மட்டும் தொறந்துபோட்டு இளிச்சிக்கிட்டு நிக்கணுமோ?" என்கிறான் தம்பி.

"ஏலே, அவன் அடைச்சதுல பாதி வேல போச்சு. நீ அடைச்சதுல மீதியும் போச்சு. இன்னும் எதலே அடைக்கப் போற?"

"படிச்சவ பேசுதா, எல்லாரும் கேட்டுக்கோங்க!"

"அப்பா எந்த ஊருக்காரருலே?"

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

பெரியதாழையிலிருந்து ஒற்றை வலையோடு நீங்கள் வந்து இறங்கியபோது, இந்தக் கரை உங்களைத் திரும்பிப் போகச் சொல்லியிருந்தால் இவன் ஏது, நான் ஏது? அவர்கள் மீனும் வராவிட்டால், இருக்கிற கொஞ்சநஞ்ச மீனுக்கு எந்த வியாபாரி லாரியை அனுப்புவான்? இது ஏன் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை? என் பிள்ளை எதைத் தின்று வளரும்?

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் கோயில் சுவரோரம் உட்கார்ந்து கேட்பதுதான் வழக்கம். நாளை நான் உட்காரமாட்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் போய் நிற்பேன். உங்கள் ஊர்ப் பெயரை எல்லோர் காதிலும் விழச் சொல்வேன். இது சத்தியம்.

தம்பியின் கனவில் போய் நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கள். எனக்குச் சீக்கிரம் பதில் போடுங்கள், அப்பா.

பெரியதாழைக்காரரின் மூத்த மகள்,
ஜெசிந்தா