நான் பேச வேண்டிய அறை

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நீதிமன்றத்தில் என் கை நின்றுவிட்டது. மதில் சுவர் வழக்கு ஒன்றில் குறுக்கு விசாரணை. சாட்சி சொல்வது காதில் தெளிவாக விழுகிறது. பென்சில் மட்டும் நகரவில்லை. நீதிபதி, கடைசிப் பதிலை வாசிக்கச் சொன்னார். தாளில் கடைசிப் பதில் இல்லை. சுருக்கெழுத்து வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஆனதில்லை.

பெஞ்ச் கிளார்க் குனிந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா — எனக்கே தெரியாது.

பிப்ரவரி 6, வியாழன்

நரம்பு டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லையாம். வீட்டில் யார் யார் என்றார். போன வருடம் அம்மா இறந்த பிறகு நான் மட்டும்தான் என்றேன். சனி, ஞாயிறில் யாரோடு பேசுவீர்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை வாசல் காவலாளியிடம் ‘வரேன்’ என்பேன். திங்கள்கிழமை அவரிடமே ‘வணக்கம்’ என்பேன். நடுவில் கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் அவரிடம் ஒரு வார்த்தை உண்டு. இதைச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்.

பிப்ரவரி 12, புதன்

மனநல டாக்டர் அம்மாள் பொறுமையானவர். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், பேச்சுச் சிகிச்சை போதும் என்றார். அதில் மூன்று வழி இருக்கிறதாம். ஒன்று, வந்து போகும் எண்ணங்களைக் கவனித்து, பயப்படுகிற காரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பழகுவது. சில வாரங்களில் முடியும், வீட்டுப்பாடம் உண்டு. இன்னொன்று, அவசரமில்லாமல் மனதில் வருவதையெல்லாம் பேசி, பழைய விஷயங்களின் அடி வரை போவது. எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது, துக்கத்தில் இருப்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவது. நாலு பேர் பேசினால் நான் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுவேனே!

எதை எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

“நான் சொல்லலாம். ஆனா பேசப் போறது நீங்கதானே. எங்க உங்களால பேச முடியும்னு தோணுது?”

கை சரியாக வேண்டும், வேலை போய்விடக் கூடாது. முதல் வழியை எடுத்தேன்.

பிப்ரவரி 26, புதன்

ஆலோசகர் சின்னப் பெண், சுறுசுறுப்பு. ‘இனி என்னால் எழுதவே முடியாது’ என்று தோன்றும்போது, அது எவ்வளவு உண்மை என்று என்னையே கேட்கச் சொல்கிறாள். தினமும் வானொலிச் செய்தியைக் கேட்டுச் சுருக்கெழுத்தில் எழுத வேண்டும். செய்கிறேன்.

மார்ச் 5, புதன்

நேற்று ஒரு சாட்சி முழுவதும் எழுதினேன். கை ஓடியது.

மார்ச் 28, வெள்ளி

“சூப்பரா முன்னேறிட்டீங்க. இனிமே நீங்களே சமாளிச்சுக்கலாம்” என்றாள் அந்தப் பெண். கை குலுக்கினாள். நன்றாகத்தான் நடத்தினாள், குறையே சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கை சரியானதுக்கு யாராவது அழுவாங்களா?

மார்ச் 30, ஞாயிறு

தம்பி ஃபோன் செய்தான். மாதக் கடைசியில் செய்வான். கை நின்ற விஷயத்தைச் சொன்னேன். “இதுக்குப் போயி டாக்டரா? இங்க வந்து ஒரு வாரம் இரு அக்கா, எல்லாம் சரியாயிடும்.” எப்போது வரட்டும் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

டாக்டர் அம்மாளிடம் திரும்பப் போனேன். கை சரி, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்றேன். இந்த முறை அவர் கேட்கும் முன்பே, இரண்டாவது வழி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டாவது வழிக்கான இந்த ஆலோசகர் அம்மாள் வாயே திறக்கவில்லை. நரைத்த குட்டை முடி, மடியில் கை. எதிரெதிரே நாற்காலி. அவர் ஆரம்பிப்பார் என்று நான் பார்க்க, நான் ஆரம்பிப்பேன் என்று அவர் பார்க்க, நேரம் முடிந்தது. அடுத்த வாரம் பார்க்கலாமாம்! சும்மா உக்காந்திருக்க என் வீடு பத்தாதா? இனி போக மாட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

போனேன். மழையைப் பற்றிப் பேசினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பொறுக்க முடியாமல், “நீங்க ஏதாவது சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் மெதுவாக, “நீங்க சொல்றதை யாரு கேப்பாங்க?” என்றார்.

அதற்குப் பிறகு எப்படி வந்தது என்றே தெரியவில்லை. கடைசி மாதங்களில் அம்மாவுக்கு நினைவு தப்பிப்போனது. குளிப்பாட்டினது நான், ஊட்டினது நான். ஆனா தண்ணி குடுத்தாலும் ‘சின்னவனே’ம்பா. போர்வையை இழுத்து விட்டாலும் ‘சின்னவனே, வந்துட்டியா’ம்பா. முதல்ல, நான் பெரியவ, உன் பொண்ணும்மான்னு சொல்லிப் பார்த்தேன். முகம் வாடிடும். அப்புறம் தம்பியாவே பதில் சொல்ல ஆரம்பிச்சேன். கடைசி நாள் அவன் கைன்னு நினைச்சு என் கையைப் பிடிச்சுக்கிட்டே போனா. அந்த ரூம்ல நான் இல்லவே இல்ல.

அந்த அம்மாள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் என்மேலிருந்து எடுக்கவில்லை. “அது பெரிய தனிமை” என்றார் கடைசியில்.

மே 9, வெள்ளி

தம்பிக்கு இது தெரியுமா என்று அந்த அம்மாள் கேட்டார். தெரியாது. ஏன் சொல்லவில்லை? அவன் கேட்கவில்லை. அவன் கேட்கும் வரை காத்திருக்கப்போகிறேனா?

மே 13, செவ்வாய்

நானே ஃபோன் செய்தேன். மாத நடுவில் அழைத்ததும் பதறிவிட்டான். ஃபோனில் சொல்கிற விஷயமில்லை, ஞாயிற்றுக்கிழமை வா என்றேன்.

மே 18, ஞாயிறு

வந்தான். தனியாகத்தான் வந்தான். சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோபமும் சேர்ந்தேதான் வந்தது, அடக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். நான் முடித்ததும்,

“அம்மா என்னைக் கூப்பிட்டப்போ நீ என்ன சொல்லுவ?” என்றான்.

“இங்கதான் இருக்கேன்மான்னு சொல்லுவேன்.”

“அது பொய் இல்லையேக்கா. நீதானே இருந்த.”

அப்புறம் அவன் அழுதான். நான் அவனைத் தேற்றப் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு எதையெதையோ பேசினோம். பள்ளிக்கூடத்தில் அவன் வாங்கிய அடி, அவன் மனைவியின் குறட்டை, என் நீதிபதியின் தூக்கம். கடைசி வண்டியை விட்டுவிடப்போகிறாய் என்று நான்தான் விரட்டினேன்.

தொண்டை கட்டிவிட்டது. சளி எல்லாம் இல்லை. பேசிப் பேசித்தான்.