மேல் வீட்டுக்குப் போன எங்கள் வேகம்

அனுப்புநர்
கீழ்த்தள வீட்டு இணைய இணைப்பின் சந்தாதாரர்
(முகவரியும் வாடிக்கையாளர் எண்ணும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
வீட்டு இணைய இணைப்புப் பிரிவு

பொருள்: தொலைக்காட்சியில் உயர் துல்லியப் படம் நின்று நின்று ஓடியது – கீழ் வீடு, மேல் வீடு ஆகியவற்றின் ரூட்டர்கள் இடம் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தன – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எனக்கு வந்த குறுஞ்செய்தி. அப்போது புகார் தீர்ந்திருக்கவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உங்கள் பணியாளர் முதன்முறை பழுது பார்க்க வந்த அன்று நான் அவரிடம் சொல்லாமல் விட்டவற்றை முதலில் பதிவு செய்துகொள்கிறேன். "ஃபோர்-கே எல்லாம் சும்மா பேருக்குத்தான் மேடம், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது" என்று அவர் சொன்னார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் தாயாருக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஒன்றன்பின் ஒன்றாக இரு கண்களிலும் புரை நீக்கி வில்லை பொருத்தியிருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. "மேல ஜம்முனு ஓடுதே தம்பி" என்று தாயார் கேட்டதற்கு, "அவங்களுது நல்ல டிவிம்மா" என்றார். மேல் வீட்டுத் தொலைக்காட்சி எங்களுடையதைவிடச் சிறியது, பழையது, திரையின் மூலையில் கீறல் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த மேல் வீடு என் அண்ணனுடையது என்பதையும், தாயார் மாலையானால் அங்கேதான் இருக்கிறார் என்பதையும் சொல்லவில்லை. இவை தொழில்நுட்ப விவரங்கள் அல்ல என்று அன்று எண்ணியிருந்தேன்.

2. நான் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் பணியில் இருக்கிறேன். வீட்டில் தாயாரும் நானும் மட்டுமே. தாயார் பல ஆண்டுகளாக உலகத்தைப் பாலாடை வழியாகப் பார்ப்பது போலத்தான் பார்த்துவந்தார். கட்டு அவிழ்த்த அன்று என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏன்டி, இவ்வளவு இளைச்சிருக்கே, சொல்லவே இல்லையே" என்றார். அந்தக் கண்களுக்குக் காட்டுவதற்காகவே பெரிய திரையுள்ள தொலைக்காட்சியை வாங்கினேன். அதற்குத் தக்க உங்கள் அதிவேகத் திட்டத்தையும் எடுத்தேன். ஆழ்கடல் பற்றிய நிகழ்ச்சித் தொடர் ஒன்றை நான் முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அதைத் தாயார் முதன்முதலில் எங்கள் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது மட்டுமே என் விருப்பம். நான் இணைப்புப் பெற்ற அதே நாளில் அண்ணனும் மேல் வீட்டுக்கு உங்கள் சாதாரணத் திட்டத்தை எடுத்தார். தொலைக்காட்சிச் செயலியின் சந்தா இரு வீட்டுக்கும் பொதுவானது.

3. பழுதின் தன்மை பின்வருமாறு. படம் தொடங்கியதும் சில நொடிகள் பளிச்சென்று இருக்கும். பிறகு திரைமேல் யாரோ ஈரத்துணியை இழுத்தது போல மங்கும். மீன்கள் கட்டம் கட்டமாகச் சிதையும். கடைசியில் எல்லாம் நின்று வட்டம் சுற்றும். முதல் நாள் தாயார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மறுநாள், மருத்துவர் சொன்ன வேளைக்கு மேலும் அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்வதைப் பார்த்தேன். அதற்கடுத்த நாள், "புரை மறுபடி வளருமாடி?" என்று கேட்டார். கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். தாயார் பலகையின் அடிவரி வரை தடங்கலின்றிப் படித்தார். "கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா. போய் டிவிய ரிப்பேர் பண்ணுங்க" என்றார் மருத்துவர்.

4. அன்று மாலை, துவைத்த துணிகளில் கலந்துவந்த அண்ணனின் சட்டையைக் கொடுக்கத் தாயார் மேலே போனார். போனவர் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். "மேல ஒவ்வொரு செதிலா எண்ணலாம்டி!" என்றார். அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் இவ்வளவும் செய்திருந்தேன். அது வேறு வீட்டுக்குக் கிடைத்தது.

5. உங்கள் பணியாளர் வரும் முன்பும் வந்துபோன பின்பும் நான் செய்து பார்த்தவை: ரூட்டரை இரும்பு அலமாரியின் மேலிருந்து எடுத்துத் திறந்த இடத்தில் வைத்தேன். வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு நேரடியாகக் கம்பி இழுத்தேன். அந்தக் கம்பியையும் மாற்றினேன். தொலைக்காட்சியின் மென்பொருளைப் புதுப்பித்தேன். பிறகு அதை முதலிலிருந்து அமைத்தேன். செயலியை அழித்து மறுபடி ஏற்றினேன். கைபேசிகளை அணைத்தேன். படத்தின் துல்லியத்தைக் குறைத்து வைத்தால் தடையின்றி ஓடியது. ஆனால் கடல் வெறும் நீல நிறமாக இருந்தது. வேகத்தை அளந்தபோது, நான் எடுத்த திட்டத்தில் கால் பங்குகூட வரவில்லை. உங்கள் பணியாளர் தம் கைபேசியில் அளந்தபோது மட்டும் முழு வேகம் காட்டியது. "பாருங்க, பறக்குது" என்றார். அளக்கும்போது அவர் நின்ற இடம் எங்கள் மாடிப்படியின் அடி. இரு ரூட்டர்களின் கடவுச்சொற்களும் அவர் கைபேசியில் பதிவாகியிருந்தன. அது எதனுடன் இணைந்திருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மெய்ப்புத் திருத்துபவள் என்ற முறையில் இதில் எனக்கு வருத்தமே.

6. இதற்கிடையே ஆழ்கடல் தொடர் முழுவதும் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கூரைதான் அவர்கள் தரை. நாற்காலி நகரும் ஓசையிலேயே யார் எங்கே உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அண்ணி எந்தப் படத்தையும் சும்மா பார்க்க மாட்டார். "அத்தை, இந்த மீன் மூஞ்சியப் பாருங்களேன், அப்படியே உங்க பெரிய நாத்தனார்!" என்பார். தாயார், "அடிப்பாவி, அவ காதுல விழப்போகுது" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கும் வரை சிரிப்பார். என்னுடன் பார்க்கும்போது தாயார் அப்படிச் சிரித்ததில்லை. நான் படம் ஓடும்போது பேச மாட்டேன்; பேசுவதையும் விரும்ப மாட்டேன். "உன்கூட உக்காந்து பார்த்தா பரீட்சை எழுதற மாதிரி இருக்குடி" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் படம் சரியாக ஓடினால் இதுவும் மாறும் என்று நம்பினேன்.

7. பணியாளர் வந்துபோய், "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியும் வந்த பின், உங்கள் சேவை மையத்துக்குத் தொலைபேசினேன். பேசிய பெண் பொறுமையானவர். அவரைப் பாராட்டியும் இம்மனுவில் பதிவு செய்கிறேன். ரூட்டரை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். "ஆஃப் பண்ணிட்டீங்களா மேடம்?" என்றார்.

"பண்ணியாச்சு. பிளக் என் கையிலதான் இருக்கு."

"இல்லையே மேடம், உங்க ரூட்டர் இங்க ஆன்லதானே காட்டுது. டேட்டா ஓடிட்டே இருக்கு, ஆளுங்க நல்லா டிவி பார்த்துட்டு இருக்காங்களே. சரி, நான் இங்கேருந்து ஒரு ரீஸ்டார்ட் குடுக்கறேன், லைன்லயே இருங்க."

நான் கையில் பிளக்குடன் நின்றேன். மேலே கடலின் இரைச்சல் சட்டென்று நின்றது. "அட, நல்ல நேரத்துல போச்சே!" என்ற அண்ணியின் குரல் கூரை வழியாக இறங்கி வந்தது.

8. அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. என் பெயரில் உள்ள ரூட்டர் மேல் வீட்டில் இருந்தது. அண்ணன் பெயரில் உள்ளது எங்கள் அலமாரியில் இருந்தது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, பொருத்திய நாள்தான். ஒரே மாதிரியான இரண்டு வெள்ளைப் பெட்டிகளையும் உங்கள் பணியாளர் மாடிப்படியில் பிரித்து வைத்திருந்தார். அண்ணி அவரை மேலே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். மேலே போகும்போது பணியாளர் கைக்கு வந்த பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் அவருக்குத் தேநீர் கொடுக்கவில்லை. இதற்கும் பழுதுக்கும் சம்பந்தமில்லை என்பதை அறிவேன்.

9. உங்கள் செயலியில், சந்தாதாரர் தம் ரூட்டரைத் தாமே மறுதொடக்கம் செய்துகொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. கண்டதை உறுதிப்படுத்திக்கொள்ள மறுநாள் மாலை அதை அழுத்தினேன். மேலே சிரிப்பு நின்றது. உறுதிப்படுத்த ஒருமுறை போதும். நான் ஒருமுறையோடு நிறுத்தவில்லை. அது என் இணைப்பு, என் பெயரில் உள்ளது என்பதால் விதிமீறல் ஏதுமில்லை என்று கருதுகிறேன். சற்று நேரத்தில் தாயார் இறங்கி வந்தார். விளக்கைப் போடாமலே உட்கார்ந்தார். "மேலயும் சுத்த ஆரம்பிச்சிடுச்சுடி. பாவம், என் கண்ணுதான் பட்டுருச்சு போல. இத்தனை வருஷம் ஒண்ணையும் பார்க்காத கண்ணு, ஆசையா பார்த்துச்சா, பட்டுருச்சு" என்றார். பட்டது யார் கண் என்று எனக்குத் தெரியும். அவர் சொட்டு மருந்தைத் தேடத் தொடங்கியதும், நான் எழுந்து மேலே போய் விஷயத்தைச் சொன்னேன்.

10. அண்ணன், "அப்ப இத்தனை நாளா உன் நெட்டையா நாங்க ஓட்டிட்டு இருந்தோம்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணி கைகொட்டிச் சிரித்தார். "அதான் இந்தப் பற பறந்துச்சா! நான் ஏதோ என் ராசின்னு பெருமை பீத்திக்கிட்டு இருந்தேன். ஏன் வாத்தியாரம்மா, அப்பவே ஒரு வார்த்த கேட்டிருந்தா ரூட்டரையே தூக்கிக் கைல குடுத்திருப்பேனே!" வாத்தியாரம்மா என்பது, பிழை திருத்தும் வேலைக்காக அவர் எனக்கு வைத்த பெயர். அவர் பொய் சொல்பவர் அல்லர். கொடுத்திருப்பார். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

11. உங்கள் பணியாளர் இரண்டாம் முறை வந்து ரூட்டர்களை மாற்றிப் பொருத்தினார். இம்முறை நான் தேநீர் கொடுத்தேன். அன்று மாலை எங்கள் திரையில் கடல் அதன் முழு ஆழத்துடன் தெரிந்தது. மீனின் செதில் மட்டுமல்ல, செதிலின் விளிம்பில் ஒட்டிய மணலும் தெரிந்தது. தாயார் என் பக்கத்தில் இருந்தார். ஆனால் மேல் வீட்டில் வட்டம் சுற்றத் தொடங்கியிருந்தது. தாயார் படியருகே போய், "அங்க ஏன் சுத்தறதையே பார்த்துட்டு இருக்கீங்க, கீழ வாங்களேன்" என்று குரல் கொடுத்தார். வந்தார்கள். அண்ணி, "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று சொல்லி எனக்கும் தாயாருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் வருகிறார்கள். நான் இப்போது பின்னால், சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். அங்கிருந்தும் படம் தெளிவாகவே தெரிகிறது. அண்ணியின் தலை மட்டும் திரையின் கீழ்ப்பாதியில் இருக்கும். கடலடி நிகழ்ச்சிகளில் முக்கியமானவை கீழ்ப்பாதியில்தான் நடக்கின்றன.

12. ஆகவே பின்வருவனவற்றைக் கோருகிறேன்:

அ) ஒரே கட்டடத்தில் ஒரே நாளில் இரண்டு இணைப்புகள் கொடுக்கும்போது, ஒன்றை அணைத்துவிட்டு, அணைந்தது எது என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே பணியாளர்கள் கிளம்ப வேண்டும். தொலைபேசியில் பேசிய பெண்ணுக்கு அது ஒரு நிமிட வேலையாகத்தான் இருந்தது.

ஆ) கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லக்கூடாது என்று அவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். எதிரே இருப்பது எப்படிப்பட்ட கண் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இ) தவறான இணைப்பில் கழிந்த காலத்துக்கு எனக்குப் பணமாக எந்த ஈடும் வேண்டாம். அதற்குப் பதிலாக, அதே அளவு காலத்துக்கு மேல் வீட்டு இணைப்பின் வேகத்தை என் இணைப்பின் வேகத்துக்கு உயர்த்தித் தர வேண்டும். அவரவர் வீட்டில் அவரவர் வசதியாக உட்கார்ந்து பார்க்க அது வழிசெய்யும். இக்கோரிக்கையைப் பெருந்தன்மை என்று என் அண்ணன் குடும்பத்தார் பாராட்டினார்கள். அலுவலர் என்ற முறையில் நீங்கள் அப்படிக் கருத வேண்டியதில்லை. விரைந்து ஆவன செய்தால் போதும்.

இடம்: கீழ்த்தளம், முன்னறை
தேதி: அஞ்சல் முத்திரையில் காண்க

இப்படிக்கு,
உங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும் சந்தாதாரர்
(ஒப்பம்)

பின்குறிப்பு: இம்மனுவை அஞ்சலில் சேர்க்கும் முன் கோரிக்கை (இ)-ஐத் திரும்பப் பெறுகிறேன். அண்ணன் தாமாகவே அதிவேகத் திட்டத்துக்கு மாறிவிட்டார். இரு வீடுகளிலும் இப்போது ஒரே வேகம், ஒரே கடல். நேற்று மாலை தாயார், மருத்துவர் புதிதாகக் கொடுத்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீயும் வாயேன்டி" என்று சொல்லிவிட்டு மேலே போனார். எங்கள் வீட்டில் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.