ரெண்டு கோடும் எறங்குதுடா

உன் மேல கோவம்னு நெனச்சுக்காதடா சேரா, கோவம் இருந்தா எழுதவா போறேன், சிங்கப்பூர்ல நீ வேளாவேளைக்குச் சாப்புட்டு ஒடம்பு சொகமா இருக்கணும். ஆனா இங்க நாங்களும் நல்லா இருக்கோம்னு எழுத எனக்குக் கை வரல. போன்ல பேசுனா உங்கப்பா காதுல வுழும், அதான் கடுதாசி. நீ ஆபீஸ்லேர்ந்து அனுப்புன படம் இருக்குதுல்ல, சீனாவும் நம்ம நாடும் இத்தினி வருசமா வெளிநாட்டு மரம் எவ்ளோ எறக்குனாங்கன்னு செவப்புல ஒரு கோடு பச்சையில ஒரு கோடு, அதைப் பிரிண்டு எடுத்து சட்டைப் பையிலயே வெச்சிருக்காரு. நீ நல்லதுக்குத்தான் அனுப்புன, ரெண்டு கோடும் எறங்குதுப்பா, மரவாடிய மூடிட்டு ஒக்காருங்கன்னு. உங்கப்பா, அதான் என் அண்ணன், அதைத் தராசுன்னு படிச்சுட்டாருடா. பர்மா தேக்கு வந்துக்கிட்டிருந்தப்ப நம்ம வாடியில நிக்க எடம் இருக்காது, அப்புறம் சீனாக்காரன் கப்பல் கப்பலா அள்ளுனான், பர்மாக்காரனும் கட்டைய வெளிய வுட மாட்டேன்னுட்டான், நமக்கு வத்திப்போச்சு, அதைக் கண்ணால பாத்த மனுசனாச்சே, இப்ப அவன் கோடு எறங்குது அம்புஜம், இனி நம்ம கோடு ஏறும் பாருன்னு சின்னப்புள்ள மாதிரி சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே வூட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சு ஆப்பிரிக்கா தேக்கு ஒரு கண்டெய்னரு வரவழைச்சுட்டாரு, உனக்குச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற. பெருமாளே, அதை இப்ப மீறுறேன்.

ஆடியில வந்து எறங்குன மரம், ஐப்பசி ஆச்சு, ஒரு கட்டை நவுரல. மங்கலம்பேட்டை ஹிதாயத்துல்லா பாய் புது வூடு கட்டுறாரு, அவரைத்தான் உங்கப்பா மலையா நம்பியிருந்தாரு, பாய் வந்தாரு, கட்டையத் தடவிப் பாத்து தங்கம்ங்க இதுன்னாரு, ஆனா மவன் துபாய்லேர்ந்தே இரும்புக் கதவுக்கு ஆர்டர் போட்டுட்டான், என் வூட்டுக்கு நான் இப்ப வாச்மேன்தாங்கன்னு சொல்லிட்டு டீயக்கூட குடிக்காம போயிட்டாரு. பீங்கான் சூளைக்காரங்க வெறவுக்காச்சும் கேப்பாங்கன்னு பாத்தா அங்கயும் இப்ப கேஸு அடுப்புதான் எரியுதாம். உங்கப்பா காலைல வாடியத் தொறந்து கட்டை மேல ஒக்காந்தா பொழுது சாஞ்சுதான் எந்திரிக்கிறாரு, சோத்தை எடுத்துக்கிட்டுப் போனா கறையானுக்குப் போடுங்குறாரு.

மனசு தாங்காம செவ்வாக்கெழமை கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டலாம்னு பேப்பரு வாங்கி ஒக்காந்தேன். கொறைய எழுதி வேல்ல கட்டணும்ல, யாரு மேலன்னு எழுதுறதுடா? சீனாக்காரன் மேலயா, அவனே படுத்துட்டான்ங்குற. உன் மேல எழுத எனக்கு மனசு வருமா. அண்ணன் மேல எழுதுனா சாமி அவரைத் தண்டிச்சுடுமோன்னு பயம். பக்கத்துல ஒரு பொம்பள ஆடு திருடுனவன் பேரை அழுத்தி அழுத்தி எழுதுனா, குடுத்து வெச்சவ, அவளுக்கு ஒரு பேராச்சும் இருக்குது. நான் வெறும் பேப்பரை மடிச்சுக் கட்டிட்டு வந்துட்டேன், கொளஞ்சியப்பரே எழுதிக்கட்டும்.

நீ ஒண்ணும் பண்ண வேணாம் சாமி, லீவு போட்டு வந்து அப்பா பக்கத்துல அந்தக் கட்டை மேல ஒக்காரு, போதும். கோடு கீடுன்னு பேச்செடுக்காத. அமாவாசைக்கு உங்கம்மாவ நெனச்சு காக்காவுக்கு ஒரு பிடி சோறு வெக்க மறந்துடாத. ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் உன்னைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தணும்.

உன்னை இடுப்புல தூக்கி வளத்த அத்தை,
அம்புஜவல்லி

அய்யோ, இதை எழுதாம வுட்டுட்டேன் பாரு. காலைல அண்ணன் போனு அடிச்சுது, அவரு குளிக்கிறாருன்னு நான் எடுத்தேன், கண்டெய்னரு ஏஜெண்டு, ரெண்டாவது லோடும் கப்பல் ஏறிடுச்சும்மான்னாரு.