பெற்றோர் குழுவுக்குப் போன குறிப்புகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டைப் பிரித்த அன்றே வீட்டில் இருக்கும் ஒட்டடையெல்லாம் அவர் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டது, என் பாடுதான் திண்டாட்டம். அக்கா குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். போனில் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாய், சளி என்று மழுப்பினேன். சளி இல்லை கண்ணா. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் வருகைப்பதிவு, மார்க், வீட்டுப்பாடம் எல்லாம் டேப்லெட்டில்தான் என்று ஆக்கிவிட்டது உனக்குத் தெரியும். வீடியோ காலில் நீ எத்தனை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். ஸ்டாஃப் ரூமில் என் வயசுக்காரர்கள் பேந்தப் பேந்த விழித்தபோது நான் ஒற்றை விரலால் தட்டித் தட்டியே பிடித்துக்கொண்டேன், தலைமையாசிரியை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் பாராட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பழக்கம் உனக்குத் தெரியுமே, வருஷா வருஷம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி நோட்டில் எழுதி, அந்த வகுப்புக்குப் போகிற மற்ற ஐந்து ஆசிரியர்களுக்கும் சுற்றுக்கு விடுவேன். இவனுக்குக் காது மந்தம், முன்னால் உட்கார வையுங்கள், இவளை நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள் என்று. பரீட்சை நெருங்குகிறதே என்று அந்த நோட்டையும் டேப்லெட்டில் ஏற்றினேன், முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும். அனுப்புகிற இடத்தில் ஆசிரியர் குழுவும் பெற்றோர் குழுவும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன, நான் கீழே இருந்ததைத் தொட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் டீச்சர் ஓடி வந்து அழிப்பதற்குள் இருபது நிமிஷம் ஆகிவிட்டது.

பல பெற்றோர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி நான் எழுதியிருந்தது இது: அம்மா வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது, அம்மாவுக்கு வெளியூரில் வேலை என்று இவள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், நாமும் அப்படியே பேசுவோம், அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுவதுக்கும் தெரிந்துவிட்டது. அன்று பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், ஒன்பது நாளாக வரவில்லை. பொதுத்தேர்வுக்கு இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று தடவை வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் அப்பா பஸ் டிரைவர், என்னைக் கண்டபடி திட்டியிருந்தால்கூடத் தேவலை, நாற்காலியை எடுத்துப் போட்டு, உள்ள இருக்கா டீச்சர், கூப்பிட்டா வர மாட்டேங்கறா என்றார். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, தப்பு என்னுதும்மா, பரீட்சையை மட்டும் விட்டுடாதே என்று கெஞ்சினேன். நேற்றுத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். அம்மா நம்பரும் அந்த குரூப்பில இருக்கு, அவங்க அதப் பாத்தாங்களா டீச்சர் என்று கேட்டாள்.

அவள் அம்மா பார்த்தாள் கண்ணா. யார் யார் எப்போது படித்தார்கள் என்று அதில் வரும், கம்ப்யூட்டர் டீச்சர் அழிப்பதற்கு முன்னால் என்னிடம் காட்டினார். நாலாவது நிமிஷமே படித்திருக்கிறாள். இன்றுவரை அந்த வீட்டுக்கு ஒரு போன் வரவில்லை. அந்தப் பெண் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுவிடாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது. அந்த மெஷின் எனக்குச் சரியாத் தெரியாதும்மா, யார் பாத்தாங்கன்னெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக்கும் போவேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள், அக்காவுக்கு ஒரு போன் போடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பொய்யை அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை, அவரிடம் பேசும்போது மறந்தும் கேட்டுவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா