மெட்ராஸ் விமானத்தில் ரமணியிடம் ஒப்படைத்த வேலை

அனுப்புநர்:
சா. காமாட்சி, பி.ஏ.,
ஜாலான் ஸ்காட், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
திரு. அடைக்கப்பன் அவர்கள்,
துணை இயக்குநர், தொழிலாளர் இலாகா, கோலாலம்பூர்.

பொருள்: விமானப் பணிப்பெண் சா. ரமணியைத் திங்கட்கிழமை மெட்ராஸ் விமானத்தில் அனுப்புவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ரமணி என் தங்கை. மலாய் மொழியில் நான் அனுப்பிய மனுவுக்குப் பதில் இல்லை. நடந்தது தமிழில் நடந்ததால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

2. இந்தியாவில் பிளேக் பரவுவதாகச் செய்தி வந்ததும், காய்ச்சல் உள்ள பயணிகளைக் கண்டறியும் பொறுப்பை விமான நிறுவனம் பணிப்பெண்களிடம் விட்டது. படிவத்தில் கேட்டால் மறைக்கிறார்கள் என்பதால், தமிழ் பேசுபவர்கள் பேச்சுவாக்கில் விசாரிக்க வேண்டுமாம். "உன்கிட்டன்னா சொல்லிருவாங்க லா, ரமணி. வீட்டுப் பொண்ணு மாதிரி பேசு" என்றிருக்கிறார் மேற்பார்வையாளர் விஜயன்.

3. அக்டோபரில் சின்னையா என்ற முதியவர் கிள்ளானில் இருக்கும் மகளைப் பார்க்க மெட்ராஸ் விமானத்தில் வந்தார். ரமணி தண்ணீர் கொடுத்து, பயப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்டாள். முந்தின இரவு காய்ச்சல் அடித்ததை அவர் சொன்னார். அவள் விதிப்படி மேலே தெரிவித்தாள். சுபாங் விமான நிலையத்தில் முகமூடி அணிந்தவர்கள் அவரை இறக்கிச் சென்றபோது, "நம்ம பொண்ணுன்னு நம்பித்தானேம்மா சொன்னேன்" என்று திரும்பித் திரும்பிக் கேட்டாராம். தனிமை வார்டில், மகளைப் பார்க்காமலே, மாரடைப்பால் இறந்தார். அவருக்குப் பிளேக் இல்லை.

4. நிறுவனம் ரமணிக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. கூடவே எல்லா மெட்ராஸ் பயணங்களுக்கும் அவள் பெயரைப் போட்டது.

5. மனநோய் என்ற சொல்லை நான் எளிதில் பயன்படுத்துவதில்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன். அன்றிலிருந்து அவள் தமிழ் பேசுவதில்லை. என்னிடமும் ஆங்கிலத்தில்தான் பதில். சோற்றுத் தட்டை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள், எனக்கு ஏதோ தொற்றிவிடும் என்பதுபோல. சென்ற பயணத்தில் கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டவளைச் சக ஊழியர்கள்தான் வெளியே கொண்டுவந்தார்கள். நிறுவன மருத்துவர் காய்ச்சலும் இரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, பறக்கலாம் என்று கையெழுத்திட்டார்.

6. திங்கட்கிழமை வராவிட்டால் பணிநீக்கம் என்று இப்போது கடிதம் வந்துள்ளது. அந்த உத்தரவை நிறுத்திவைத்து, அவளை அரசாங்க மனநல மருத்துவர் பார்க்க ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன். பயணிகளை விசாரிக்கும் வேலை சுகாதார அதிகாரிகளுக்கு உரியது. அதை இந்தப் பெண்களிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

7. ரமணி தானாக மறுக்கமாட்டாள். சீருடையைத் தேய்த்து மாட்டிவிட்டாள். நான் சொல்லிக் கேட்கும் நிலையில் அவள் இல்லை. ஆகவே தங்கள் உத்தரவு திங்கட்கிழமைக்கு முன் வந்தாக வேண்டும்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
சா. காமாட்சி

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
நாள்: 11.11.1994, வெள்ளி