பதினாறு நடக்கிறது

நேற்றுத் தம்பிக்கு மணிவிழா. காலையில் கேரம் டவுன்ஸ் கோயிலில் அபிஷேகம், பின்னேரம் அவன் வீட்டில் கேக். காலையில் அத்தனை சாம்பிராணிக்கும் கண் கலங்காத எனக்கு, அவன் மெழுகுதிரியை ஊதி அணைத்தபோது எழும்பிய அந்தக் கருகல் மணத்தில் கண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். போன குளிர்காலத்தில் நீ கண்ணை மூடியதிலிருந்து நான் சொல்லும் பொய்யை எல்லாரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். எனக்கு அதுவே பெரிய குறை.

இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்த புதிதில் நாம் கிளேட்டனில் இருந்த அந்தச் செங்கல் பிளாட்டை நினைத்துக்கொண்டேன். எழுபதுகளின் கடைசி. நீ மேலே, நான் கீழே. அந்த வட்டாரத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு வீடு என்றால் அது நம் இரண்டு வீடும்தான். நீ மதுரைக்காரி, நான் பருத்தித்துறைக்காரி. முதல் கிழமையே படியில் நின்று, "என்னடி, உங்க வீட்டுல என்னமோ தேங்கா வாசம் ஆளத் தூக்குது?" என்று கேட்டாய். எனக்கு வந்த கோபம்! முன்பின் பழக்கமில்லாதவளை 'டி' போட்டுக் கூப்பிட இவள் யார் என்று இவரிடம் இரவு முழுக்கப் புறுபுறுத்தேன். அடுத்த நாள் நீ கிரேக்கன் கடைப் பருப்பில் வைத்த சாம்பாரோடு வந்து கதவைத் தட்டினாய். அதற்குப் பிறகு உன்னிடம் எங்கே கோபப்படுவது? ஆனாலும் நான் உன்னை ஒருநாளும் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. வாய் வராது. எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி.

தொலைபேசி உன் வீட்டில்தான் இருந்தது. அப்பா தபால் கந்தோரில் காத்துக் கிடந்து எடுத்த டிரங்க் கோல் உன் வீட்டுக்குத்தான் வந்தது. நீ படியில் நின்று கத்தினாய், நான் மாவுக் கையோடு ஓடி வந்தேன்.

"பிள்ளை, தம்பி பள்ளிக்கூடம் போறானில்லை" என்றார் அப்பா. "சுவரிலை நோட்டீஸ் ஒட்டுறான் எண்டுதான் முதல் நினைச்சனான். இப்ப இயக்கக்காரர் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சுடப் பழக்கிறாங்களாம். அடுத்தது வள்ளத்திலை ஏத்திக் கடலுக்கு அங்காலை அனுப்பப் போறாங்கள். நீ அவனை அங்கை கூப்பிடு பிள்ளை."

அப்பா அவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவனைச் சேர்த்தவனுக்கே மீசை சரியாக முளைத்திருக்கவில்லையாம். மரியாதையாகக் கதிரை எடுத்துப் போட்டு இருத்திவிட்டுச் சொன்னானாம்: "ஐயா, நாங்கள் சின்னப் பிள்ளையளை எடுக்கிறேல்லை. உங்கடை மகனுக்குப் பதினாறு. அவனே சொன்னவன்."

இதைச் சொல்லும்போது அப்பா அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை. நீ பக்கத்தில் நின்று என் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாய்.

பதினாறு முடியாத பிள்ளை என்றால் அக்காவின் பொறுப்பில் வந்து படிக்கலாம் என்று இவர் விசாரித்துக்கொண்டு வந்தார். நகரத்துக் குடிவரவுக் கந்தோருக்குத் தனியாகத்தான் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் முதல் கேள்வியாகத் தம்பிக்கு என்ன வயது என்று கேட்டார். "பதினாறு" என்றேன். வீட்டில் எப்போதும் சொல்வதைத்தானே சொல்லுவேன்! அவர் பேனாவை மூடி வைத்தார். வருந்துகிறேன், பதினாறு என்றால் இந்த வழியில் முடியாது, பெரியவர்களுக்கு வேறு வரிசை, அதற்கு வருடக் கணக்கில் காலம் எடுக்கும் என்றார். எனக்கு அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை.

டிராமில் ஏறி, ரயிலில் ஏறி, எப்படி வந்தேன் என்று தெரியாது. உன் வாசலில் வந்து விழுந்ததுதான் தெரியும். நீ எனக்குத் தேத்தண்ணி தரவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"பதினாறு முடிஞ்சிருச்சா, நடக்குதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ர தம்பி துவக்குத் தூக்கப் போறான், நீ என்ன சாத்திரமோ பாக்கிறாய்?" என்று கத்தினேன்.

"கத்தாதடி. முடிஞ்சிருச்சா, நடக்குதா? அத மட்டும் சொல்லு."

"நடக்குது" என்றேன். "ஐப்பசியிலை முடியும்."

சொன்ன வாய் அப்படியே திறந்தபடி நின்றது. நீ சிரிக்கத் தொடங்கினாய். "அட லூசு! அப்ப அவனுக்குப் பதினைஞ்சுடி! வெள்ளைக்காரன் முடிஞ்சத மட்டுந்தான் எண்ணுவான். நீ ஊர்க் கணக்கப் போய் அவன்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்க!" உன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். பிறகு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பிறப்புச் சான்றிதழ் என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. அவர் கேட்கவில்லை, நான் காட்டவில்லை.

ஊரில் பிள்ளைகளின் வயதை அப்படித்தானே சொல்லுவோம். ஒரு வயது முடிந்த அன்றே 'ரெண்டு நடக்குது' என்று பெருமையாகச் சொல்லுவோம். பிள்ளை கெதியாக வளர வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையைத் தம்பி அங்கே சொன்னான், துவக்குக்கு வளர்ந்துவிட்டான். நான் இங்கே சொன்னேன், விசாவுக்கும் வளர்ந்துவிட்டான். நடுவில் அவனைச் சின்னப் பிள்ளை என்று சொல்ல ஒரு சனமில்லை, உன்னைத் தவிர.

அடுத்த நாள் நீயும் வந்தாய். பட்டுச் சேலைக்கு மேல் உன் கணவரின் மழைக்கோட்டு. அதே மனிதர். நீ என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டுச் சான்றிதழைக் கண்ணாடிக்குக் கீழால் நுழைத்தாய். எங்கள் ஊரில் ஓடுகிற வருடத்தைத்தான் சொல்லுவோம், இவள் பயத்தில் அதையே சொல்லிவிட்டாள் என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாய். அவர் திகதியைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு மூடி வைத்த பேனாவைத் திறந்தார்.

"அப்படியென்றால் இவன் சிறுவன்" என்றார். "பிறந்த நாளுக்கு முன் வந்து சேர வேண்டும். நேரம் அதிகமில்லை."

இவன் சிறுவன். அப்பா கெஞ்சியும் கிடைக்காத சொல். நீ என் கையைக் கிள்ளினாய். இன்றைக்கும் அந்த இடம் நோகிறது என்று சொன்னால் நீ நம்புவாய்.

வந்து சேர்ந்தான். அம்மாவுக்குக் கண் ஒபரேசன், துணைக்கு வா என்று சொல்லித்தான் அப்பா அவனைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார். விமானச் சீட்டைக் கண்டதும் அவன் திரும்பி ஓடப் பார்த்தானாம். அம்மா அவன் போட்டிருந்த சேட்டைப் பிடித்த பிடியை விமான நிலைய வாசல்வரை விடவில்லையாம். இங்கே டலமரினில் வந்து இறங்கியபோது சேட்டின் பின்பக்கம் அப்படியே கசங்கிப் போயிருந்தது. எல்லாரும் சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டோம் என்று என்னோடு பேசவே மாட்டான். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து இருப்பான். எனக்கு அவன் பேசாதது ஒரு பொருட்டே இல்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டாவது உயிரோடு இருக்கிறானே என்று நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஐப்பசியில் அவனுடைய பிறந்த நாள் வந்தது. நீ கேக் செய்தாய். முட்டை சேர்க்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துச் செய்த அந்தக் கேக்கை, உன் மேல் எவ்வளவு அன்பு இருந்தாலும், கேக் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பிளாட்டின் செங்கலில் ஒன்று குறைந்திருக்கிறதா என்று இவர் எட்டிப் பார்த்தார். அதில் மெழுகுதிரி குத்த நீ பட்ட பாடு! பதினாறு திரி. தம்பி எண்ணிப் பார்த்துவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"பிழை. எனக்குப் பதினேழு."

"இல்லடா கண்ணு" என்றாய். "இங்க முடிஞ்சாத்தான் கணக்கு. நேத்து வரைக்கும் நீ பதினைஞ்சு வயசுப் பையன். ஒண்ணும் கெட்டுப் போகல. ஊது."

அவன் ஊதவில்லை. மெழுகு உருகிக் கேக்கில் வழிந்தது. "அவனுக்கும் பதினைஞ்சுதான், அக்கா" என்றான். யார் என்று கேட்டேன். வகுப்பில் பக்கத்தில் இருந்தவன், இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்களாம். இவன் கொழும்புக்குப் போன கிழமை அவனை வள்ளத்தில் ஏற்றிவிட்டார்களாம். சொல்லி முடிக்கும் முன்பே உன் மடியில் தலையை வைத்துவிட்டான். வளர்ந்த பெடியன், குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். கடைசியில் திரிகளை நான்தான் ஊதினேன். நீ முதல் துண்டை வெட்டி, ஒரு கோப்பையில் தனியாக எடுத்து வைத்தாய்.

அந்த இன்னொரு பிள்ளை செத்த செய்தி சில வருடம் கழித்து வந்தது. பதினெட்டு நடந்துகொண்டிருந்ததாம். தம்பி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, உன் வீட்டுக்குத்தான் போனான்.

நேற்று அவனுடைய மகள் 'ஆறு', 'சைபர்' என்று இரண்டே இரண்டு மெழுகுதிரி வைத்திருந்தாள். கடைக் கேக், பஞ்சு மாதிரி. தம்பி ஊதினான், வெட்டினான். மனைவிக்கு ஊட்டும் முன் ஒரு துண்டைக் கோப்பையில் எடுத்துத் தனியாக வைத்தான். வருடாவருடம் வைப்பான். மகள் வழக்கம்போல ஆங்கிலத்தில் அது யாருக்கு என்று கேட்டாள். மற்ற வருடங்களில் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவான். நேற்று மாற்றவில்லை.

"என்னோடை படிச்ச பதினைஞ்சு வயதுப் பிள்ளை ஒருத்தனுக்கு" என்றான். "இண்டைக்கு அன்ரிக்கும் சேர்த்து." அன்ரி என்றது உன்னை.

பிள்ளைகளின் வயதை யார் சொன்னாலும் நான் இப்போதும் விடமாட்டேன். கோயிலில், கடையில், பஸ்ஸில், "முடிஞ்சதோ, நடக்குதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை. இந்தக் கிழவிக்கு இது ஒரு விசர் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். நடக்கிற வயதை எண்ணி ஒரு பிள்ளையையும் பெரியவனாக்க என்னால் முடியாது.

எல்லாரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். தம்பி பக்கத்தில் வந்து நின்று துடைத்தான். தலை நரைத்துவிட்டது, வயிற்றில் கொஞ்சம் வண்டியும் வைத்துவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன். உன்னிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது, இதுவரை வராத வாயும் அப்போது தானாக வந்தது.

அவனுக்கு அறுபதுடி. நடக்கிற அறுபது இல்லை, முடிஞ்ச அறுபது.